ஒரே செல்லில் ஒரு நிலநடுக்கம்: எக்செல், ஷீட்ஸில் தகவலைப் பிரிப்பது எப்படி? எங்கே சறுக்கும்?

அந்தமான் நிக்கோபார் பக்கம் நிலம் அதிர்ந்தால், தேசிய நில அதிர்வு மையம் தன் எக்ஸ் தளப் பக்கத்தில் ஒரு பதிவு போடும். அளவு, தேதி, நேரம், இடம், ஆழம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியின் வடிவம் கிட்டத்தட்ட இப்படி (எண்கள் உதாரணத்துக்காக மட்டும்):

ஈக்யூ ஆஃப் எம்: 4.6, ஆன்: 05/03/2025 14:20:10 ஐஎஸ்டி, லேட்: 9.40 என், லாங்: 93.10 ஈ, டெப்த்: 10 கேஎம், லொகேஷன்: நிக்கோபார் ஐலண்ட்ஸ்

மொபைலில் படிக்க இது வசதிதான். இதே மாதிரி 200 வரிகளை எக்செலில் பேஸ்ட் செய்துவிட்டு, "எந்த மாதத்தில் அதிகம்? எது மிக ஆழம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. எக்செலைப் பொறுத்தவரை அது நிலநடுக்கம் இல்லை, நீளமான ஒரு வாக்கியம். அதை நெடுவரிசைகளாகப் பிரித்தால்தான் கணக்கு போட முடியும்.

உங்கள் ஆபீஸ் ஷீட்டிலும் இதே கதைதான். முகவரி முழுக்க ஒரே செல்லில் இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் யூபிஐ எண்ணும் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். பிரிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பிரித்த பிறகு ஒவ்வொரு நெடுவரிசையும் உண்மையைத்தான் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் நிஜமான வேலை. அதை விட்டுவிட்டால் என்னாகும் என்பதற்கு அந்தமான் தரவைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் தவறான தேதிக்குப் போகும். 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கமே பட்டியலிலிருந்து காணாமல் போகும்.

முதல் கேள்வி: எது பிரிப்பான்?

ஒரு தகவல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிதான் பிரிப்பான். எக்செல் இதை டிலிமிட்டர் என்கிறது. கமா, ஸ்பேஸ், டேப், செமிகோலன், கோடு, எதுவாகவும் இருக்கலாம். நல்ல பிரிப்பானுக்கு ஒரே ஒரு இலக்கணம்தான். தகவலுக்கு நடுவில் அது வரவே கூடாது.

மேலே உள்ள வரியில் கமா நல்ல பிரிப்பான். கமாவில் வெட்டினால் சரியாக 6 துண்டுகள் கிடைக்கும். கோலன் ஆபத்தானது. லேபிளுக்குப் பிறகும் கோலன் வருகிறது, 14:20:10 என்ற நேரத்துக்குள்ளும் வருகிறது. கோலனில் வெட்டினால் மணி ஒரு பக்கம், நிமிடம் ஒரு பக்கம், விநாடி ஒரு பக்கம்.

ஸ்பேஸ் அதைவிட மோசம். அந்தமானின் மூன்று மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'நிக்கோபார்' ஒரு சொல். 'தெற்கு அந்தமான்' இரண்டு சொல். 'வடக்கு மற்றும் மத்திய அந்தமான்' நான்கு சொல். மாவட்டப் பெயரும் மக்கள்தொகையும் ஒரே செல்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேஸில் வெட்டினால் மக்கள்தொகை ஒரு மாவட்டத்துக்கு இரண்டாவது நெடுவரிசையிலும், இன்னொன்றுக்கு மூன்றாவதிலும், மற்றொன்றுக்கு ஐந்தாவதிலும் போய் உட்காரும். 2011 கணக்கெடுப்பின்படி இவற்றின் மக்கள்தொகை முறையே 36,842, 2,38,142, 1,05,597. மொத்தம் 3,80,581. மூன்றும் ஒரே நெடுவரிசையில் இருந்தால்தான் அந்த மொத்தம் வரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த எண்களுக்குள்ளேயே கமா இருக்கிறது. இங்கே கமாவைப் பிரிப்பானாக வைத்தால் 3,80,581 மூன்று துண்டாகும். ஒரு ஷீட்டுக்குச் சரியான பிரிப்பான் அடுத்த ஷீட்டுக்கு வேட்டு வைக்கும்.

எக்செலில் எப்படி?

பழைய வழி, எல்லா வெர்ஷனிலும் வேலை செய்யும்:

1. நெடுவரிசையின் நகல் ஒன்றை வேறு ஷீட்டில் எடுத்து வையுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.
2. பிரிக்க வேண்டிய நெடுவரிசைக்கு வலது பக்கம் போதுமான காலி இடம் விடுங்கள். இல்லையென்றால் அங்கே இருப்பதன் மேலேயே எழுதிவிடும்.
3. நெடுவரிசையைத் தேர்வு செய்து, டேட்டா டேபில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கிளிக் செய்யுங்கள்.
4. குறியை வைத்துப் பிரிக்க 'டிலிமிட்டட்'. எல்லா வரியிலும் எழுத்து எண்ணிக்கை ஒன்றே என்றால் 'ஃபிக்ஸட் விட்த்'.
5. பிரிப்பானைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லாத குறி என்றால் 'அதர்' கட்டத்தில் தரலாம், ஒரே ஒரு எழுத்துதான்.
6. கடைசித் திரையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகை சொல்லுங்கள்: ஜெனரல், டெக்ஸ்ட், டேட். தேவையில்லாததை இங்கேயே விட்டுவிடலாம். பெரும்பாலானோர் பார்க்காமலே 'ஃபினிஷ்' தட்டுவது இந்தத் திரையில்தான். பின்னால் வரும் பாதிப் பிரச்சினை இங்கே தொடங்குகிறது.

மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் மூன்று ஃபங்ஷன்கள் உண்டு: டெக்ஸ்ட்ஸ்ப்ளிட், டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர். இவற்றில் பிரிப்பான் ஒரே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை. எனவே லேபிளையே பிரிப்பானாக வைத்துக்கொள்ளலாம். 'டெப்த்: ' என்பதற்குப் பின்னால், ' கேஎம்' என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறதோ, அதுதான் ஆழம். நில அதிர்வு மையத்தின் வரிக்கு இதுதான் சுத்தமான வழி. மூலம் மாறினால் பிரித்ததும் தானாக மாறும்.

கன்ட்ரோல்+ஈ தட்டினால் வரும் ஃப்ளாஷ் ஃபில் உங்கள் முதல் ஒன்றிரண்டு உதாரணத்தைப் பார்த்து மீதியை ஊகித்து நிரப்பும். 30 வரிக்கு அருமை. ஆனால் அது ஊகம்தான். நடுவில் ஒரு வரி வேறு வடிவில் இருந்தால் தவறாக நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கும். மூலத்தைத் திருத்தினால் தானும் மாறாது. மாதாமாதம் ஒரே வேலை என்றால் பவர் குவெரியில் ஒருமுறை 'ஸ்ப்ளிட் காலம்' செய்து வைத்துவிட்டு, அடுத்த மாதம் ரெஃப்ரெஷ் மட்டும் தட்டுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் எப்படி?

டேட்டா மெனுவில் 'ஸ்ப்ளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ்'. அல்லது ஸ்ப்ளிட் ஃபங்ஷன். இந்த ஃபங்ஷனில் யாரும் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் உண்டு.

ஒன்று, பிரிப்பானாக 'கமா + ஸ்பேஸ்' கொடுத்தால், இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் வெட்டும் என்றுதானே நினைப்போம்? இல்லை. சொல்லாவிட்டால், கமாவிலும் வெட்டும், ஒவ்வொரு ஸ்பேஸிலும் வெட்டும். 'நிக்கோபார் ஐலண்ட்ஸ்' இரண்டாகிவிடும். மூன்றாவது இடத்தில் 'ஃபால்ஸ்' என்று கொடுத்தால்தான் சேர்த்துப் பார்க்கும்.

இரண்டு, நடுவில் ஒரு தகவல் காலியாக இருந்தால் அந்தக் காலி இடத்தை அது தூக்கிவிடும். ஆழம் பதிவாகாத ஒரு வரியில், ஆழம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஊர்ப் பெயர் நகர்ந்து வந்துவிடும். நான்காவது இடத்திலும் 'ஃபால்ஸ்' கொடுங்கள், காலி செல் காலியாகவே நிற்கும்.

சரி, பிரித்தாகிவிட்டது. இனிமேல்தான் பொறிகள்.

பொறி 1: தேதியும் மாதமும் இடம் மாறும்

05/03/2025 என்றால் நமக்கு மார்ச் 5. கம்ப்யூட்டரின் ரீஜன் செட்டிங் அமெரிக்காவில் இருந்தால் எக்செலுக்கு அது மே 3. எல்லா வரியும் தவறினால்கூட உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆனால் மாதத்தின் 1 முதல் 12 தேதி வரை மட்டும் இப்படிப் புரளும். 13க்கு மேல் போனால், 13ஆவது மாதம் கிடையாதே, அதனால் தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. தேதி நெடுவரிசையில் சில வரிகள் வலது ஓரமாகவும் சில இடது ஓரமாகவும் ஒட்டி நின்றால் விஷயம் இதுதான். சரிசெய்ய, டெக்ஸ்ட் டு காலம்ஸின் கடைசித் திரையில் தேதி நெடுவரிசைக்கு 'டேட்' தேர்வு செய்து, நாள்-மாதம்-ஆண்டு வரிசையைச் சொல்லுங்கள். ஷீட்ஸில் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸுக்குப் போய் லொகேலை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு பேஸ்ட் செய்யுங்கள்.

பொறி 2: நாள் ஒன்று குறையும்

நீண்டகாலத் தரவு வேண்டுமென்றால் பலரும் போகும் இடம் யூஎஸ்ஜிஎஸ் எனப்படும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியல். அங்கே தேதியும் நேரமும் ஒரே செல்லில் வரும். நடுவில் 'டி' என்ற ஆங்கில எழுத்து, கடைசியில் 'இசட்'. 'டி'யில் வெட்டினால் தேதி தனி, நேரம் தனி. ஆசையாக இருக்கும். வெட்டாதீர்கள்.

அந்த 'இசட்', இது யூடிசி நேரம் என்று சொல்கிறது. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். தீவுகளில் சூரியன் சென்னையைவிடச் சீக்கிரம் உதித்தாலும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் கூட்ட வேண்டியது இதே 5.30தான்.

2009இல் திக்லிப்பூருக்கு வடக்கே கடலில் 7.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. யூடிசி கணக்கில் ஆகஸ்ட் 10, 19:55. இந்தியக் கடிகாரத்தில் ஆகஸ்ட் 11, அதிகாலை 1:25. 2010இல் நிக்கோபாருக்கு மேற்கே மீண்டும் 7.5. யூடிசியில் ஜூன் 12, 19:26. இங்கே ஜூன் 13, நள்ளிரவு தாண்டி 12:56. 'டி'யில் வெட்டி தேதியை மட்டும் எடுத்தால் இரண்டும் முந்தைய நாளில் போய் விழும். நேரத்தோடு மட்டும் 5.30ஐக் கூட்டினாலும் தேதி மாறாது. தூங்கிக்கொண்டிருந்த மக்களை எழுப்பிய அதிர்வு, உங்கள் சார்ட்டில் முந்தைய நாள் மாலை நடந்ததாக இருக்கும்.

இது அபூர்வம் இல்லை. யூடிசி 18:30க்கும் நள்ளிரவுக்கும் இடையில் நடப்பது எல்லாமே இப்படித்தான் மாறும். 24 மணி நேரத்தில் அது ஐந்தரை மணி நேரம். நிலநடுக்கம் மணி பார்த்து வருவதில்லை. ஆக, சராசரியாக நூறில் 23 வரிகளுக்குத் தேதி தப்பு.

சோதித்துப் பார்க்க எல்லோரும் எடுப்பது தெரிந்த வரியைத்தான்: 2004 டிசம்பர் 26. அது யூடிசியில் 00:58, இந்திய நேரம் காலை 6:28. இரண்டிலும் தேதி 26தான். சோதனை பாஸ் ஆகிவிடும், தவறு உள்ளேயே இருக்கும். எல்லைக்கு அருகில் உள்ள ஒரு வரியை வைத்துச் சோதியுங்கள், 2009 வரி அதற்கு ஏற்றது.

விதி இதுதான்: முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு தேதியைப் பிரியுங்கள். எக்செல், ஷீட்ஸ் இரண்டிலும் வேலை செய்யும் சூத்திரம் கீழே. ஃபங்ஷன் பெயர்களையும் செல் முகவரியையும் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

=டேட்வேல்யூ(லெஃப்ட்(ஏ2,10))+டைம்வேல்யூ(மிட்(ஏ2,12,8))+டைம்(5,30,0)

முதல் 10 எழுத்து தேதி. 12ஆவது எழுத்திலிருந்து 8 எழுத்து நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம். வரும் விடைக்கு 'இன்ட்' போட்டால் இந்தியத் தேதி கிடைக்கும்.

பொறி 3: நாடு காணாமல் போகும்

அதே பட்டியலில் 'பிளேஸ்' என்று ஒரு நெடுவரிசை உண்டு. அது இரண்டு மூன்று வடிவங்களில் வரும். ஒன்று, 'இத்தனை கிலோமீட்டர், இந்தத் திசை, பாம்பூ ஃபிளாட், இந்தியா' என்ற மாதிரி, பக்கத்தில் உள்ள ஊரை வைத்து. பாம்பூ ஃபிளாட், ஸ்ரீ விஜய புரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். இன்னொன்று, 'நிக்கோபார் ஐலண்ட்ஸ், இந்தியா ரீஜன்' என்று பகுதியை வைத்து.

கமாவில் வெட்டி, கடைசித் துண்டை 'நாடு' என்று வைத்துக்கொண்டு, 'இந்தியா' என்று ஃபில்டர் போட்டால்? 'இந்தியா ரீஜன்' என்று முடியும் வரிகள் எல்லாம் வெளியே. கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே கடலில் அதிர்ந்தால், பக்கத்து ஊர் சுமத்ரா பக்கம் உள்ள சபாங் ஆகிவிடலாம், அதாவது இந்தோனேசியா. இந்திரா முனையிலிருந்து ஸ்ரீ விஜய புரம் 500 கி.மீக்கு மேல். சுமத்ராவின் வடமுனை சுமார் 200 கி.மீ.தான்.

2004 வரி? அதன் இடப்பெயர் '2004 சுமத்ரா - அந்தமான் ஐலண்ட்ஸ் எர்த்குவேக்'. கமாவே இல்லை, நாடும் இல்லை. 9.1 அளவு. நிக்கோபார் தீவுகளைப் புரட்டிப்போட்ட சுனாமியும், நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கிய சுனாமியும் இதிலிருந்து வந்ததுதான். 'இந்தியா' ஃபில்டரில் அது வராது.

"அப்போ அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து ஃபில்டர் போடலாமே?" நல்ல கேள்வி. தீவுகள் சுமார் 6 முதல் 14 டிகிரி வடக்கு, 92 முதல் 94 டிகிரி கிழக்குக்குள் இருக்கின்றன. ஆனால் 2004இன் மையம் 3.3 வடக்கு, 95.98 கிழக்கு. அந்தப் பெட்டிக்கும் வெளியேதான். 'அந்தமானில் நடந்தது' வேறு, 'அந்தமானைப் பாதித்தது' வேறு. இரண்டாவதற்கான விடை எந்த செல்லிலும் ஒளிந்திருக்கவில்லை, எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் கிடைக்காது. அதற்கு நீங்களே தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்து, வரி வரியாகப் பார்த்து நிரப்ப வேண்டும்.

பொறி 4: சைபர் விழும், பின்கோடு ஏமாற்றும்

ஸ்ரீ விஜய புரத்தின் எஸ்டிடி கோடு 03192. நிக்கோபாருக்கு 03193. எண்ணும் கோடும் ஒரே செல்லில் இருந்து, நடுவில் உள்ள கோட்டில் வெட்டினால், 03192 வெறும் 3192 ஆகிவிடும். எக்செல் அதை எண்ணாகப் பார்க்கிறது, எண்ணுக்கு முன்னால் சைபருக்கு மதிப்பில்லை. கூட்டிக் கழிக்காத எண்கள் எல்லாம், அதாவது போன், பின்கோடு, அக்கவுன்ட் நம்பர், ஊழியர் எண், கடைசித் திரையில் 'டெக்ஸ்ட்' என்று போக வேண்டும்.

முகவரியிலிருந்து பின்கோடைப் பிரித்து, முதல் இரண்டு இலக்கத்தை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிப்பது பல ஆபீஸ்களில் பழக்கம். அந்தமானின் பின்கோடுகள் 744இல் தொடங்குகின்றன: திக்லிப்பூர் 744202, கார் நிக்கோபார் 744301, கேம்ப்பெல் பே 744302. முதல் இரண்டு இலக்கம் 74. அது மேற்கு வங்கத்துக்கும் உரியது. அப்படிப் பிரித்தால் தீவு வாடிக்கையாளர்கள் எல்லோரும் கொல்கத்தா கிளையின் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள், அந்தமான் பூஜ்ஜியம் காட்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். அந்தப் பூஜ்ஜியத்துக்குள் நம்மவர்களும் உண்டு.

பொறி 5: ஒரே ஊர், இரண்டு பெயர்

2024 செப்டம்பர் 13 அன்று போர்ட் பிளேர், ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஆயின. பழைய வரியும் புதிய வரியும் கலந்த ஷீட்டில் ஊர்ப் பெயரைச் சரியாகவே பிரித்தாலும், பிவட் டேபிளில் ஒரே ஊர் இரண்டாகத் தெரியும். தனி ஷீட்டில் 'பழைய பெயர், இப்போதைய பெயர்' என்று சின்னதாக ஒரு பட்டியல் போட்டு, எக்ஸ்லுக்அப் வழியாக ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள். மூலப் பெயரை அழிக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போதும் கை நிதானம் வேண்டும். '9.40 என்' என்பதில் வடக்கைக் குறிக்கும் அந்த எழுத்தை எடுத்தால்தான் அது எண். அதற்காக ஷீட் முழுக்க 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டு, ஸ்பேஸோடு சேர்ந்து வரும் அந்த ஆங்கில எழுத்தை நீக்கினால், அதே எழுத்தில் தொடங்கும் நிக்கோபாரின் தலையும் போய்விடும். அந்த நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்துகொண்டு செய்யுங்கள். எழுத்தை நீக்காமல் விட்டால் இன்னொரு சிக்கல்: ஆவரேஜ் ஃபங்ஷன் அந்த செல்லை எண்ணாக எடுக்காது, சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம்

- வரிகளின் எண்ணிக்கை பிரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றா?
- எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நெடுவரிசைக்கு நீண்ட வரிகள் உண்டா? காலி செல்கள் எங்கே?
- ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஃபில்டர் போட்டு, வந்திருக்கும் பெயர்களை மேலிருந்து கீழ் ஒருமுறை படித்தீர்களா?
- எண் நெடுவரிசையில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் நம்பும்படி இருக்கிறதா?
- உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நிகழ்வு அங்கே இருக்கிறதா? சரியான தேதியிலா?

இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்தமான் நிலநடுக்க ஷீட் என்றால் 2004 டிசம்பர் 26ஐத் தேடுங்கள். இல்லையென்றால், ஷீட் எவ்வளவு நேர்த்தியாகத் தெரிந்தாலும் அனுப்பாதீர்கள். எந்த ஃபில்டரில், எந்த வெட்டில் அது விழுந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அதே இடத்தில் இன்னும் பல வரிகள் விழுந்து கிடக்கும்.